வாசல்படி இல்லாத இடம்

மாமாங்கண்ணையும் நானும் கனகாலமாக ஒரே லொறியில் வேலைக்குப் போகிறோம். கோடையில் பிளாசாக்களின் பாக்கிங்கில் மஞ்சள் கோடு கீறுவது, மாரியில் அதே பாக்கிங்கில் பனி வழித்து உப்புப் போடுவது. கோடு கீறும் மெசினை அவர் தள்ளுவார். நான் கூம்புகளை வைத்துவிட்டு, அதற்கு மேலால் காரை ஏற்ற வருகிறவர்களோடு சண்டை பிடிப்பேன். ஆளுக்கேற்ற வேலை என்று அவர் சொல்லுவார்.

அவர் மட்டக்களப்பு. ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு அடுக்குமாடியில் மனைவியோடும் மகள் யதுஷாவோடும் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். பேசினால் பேசியதை மாற்றமாட்டார். நான் எழுதப்போகிற கரைச்சல் முழுக்க இந்த இரண்டாவது குணத்தால் வந்தது.

கூடப்பிறந்தவர்களில் அவருக்கு இன்றைக்கு மிச்சம் ஒரேயொரு தங்கச்சி. பெயர் நாகமணி. முக்கால் மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற ஒஷாவாவில் வீடு வாங்கி இருக்கிறா. புருசன் சச்சிதானந்தன் என்னைப்போல யாழ்ப்பாணத்து ஆள். கார் சீற் செய்கிற தொழிற்சாலையில் வேலை. நல்ல மனிசன்தான். ஆனால் அவரும் பேசியதை மாற்றாதவர். இப்படி இரண்டு பேரை ஒரு குடும்பத்துக்குள் கொண்டுவந்து விட்டது கடவுளின் பகிடி.

சச்சியின் மகள் சாம்பவி பெரியபிள்ளையானபோது சாமத்திய வீடு வைத்தார்கள். தாய்மாமனுக்கு அதில் என்ன இடம் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெற்றிலைத் தட்டோடு அவருடைய வீட்டுக்குப் போய், இருந்து, தேத்தண்ணி குடித்து, அவருக்கு முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். சச்சியும் ஞாயிற்றுக்கிழமை போவதாகத்தான் இருந்தாராம். ஆனால் வெள்ளிக்கிழமையே கார்ட்டை வட்ஸப்பில் எல்லாருக்கும் ஒரேயடியாகத் தட்டிவிட்டார்.

நாங்கள் அப்போது ஒரு மருந்துக்கடை பாக்கிங்கில் நின்றோம். கார்ட் முதலில் என்னுடைய போனில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவருடைய போனில். அதுதான் அவருக்குக் கூடுதலாக நொந்தது.

"உனக்கும் இதான், எனக்கும் இதானா கா?" என்றார், மட்டக்களப்புக் 'கா' போட்டு.

"அண்ணை, உது போன் அனுப்பினது. ஆள் பிறகு நேரில வரும்."

"அவன்ட வீட்ட ஹீற்றர் திருத்த வாறவனுக்கும் போயிருக்கும்."

போய்த்தான் இருந்தது. அந்த மனிசன் வாழ்த்துச் சொல்லிப் பதிலும் போட்டிருந்தானாம்.

அதிலே நின்றபடியே மாமாங்கண்ணை சச்சிக்கு அடித்தார். "மச்சான், இனி உங்கட வாசல்படி நான் மிதிக்கமாட்டன்" என்றார். அந்தப் பக்கமிருந்து சச்சி போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "அப்ப நாங்களும் உங்கட வாசல்படி மிதிக்கமாட்டம்!"

வேறு சண்டை என்றால் நாள் போகக் கரைந்துவிடும். வாசல்படி மிதிக்கமாட்டேன் என்று எங்கள் ஆட்கள் வாயால் சொல்லிவிட்டால் அது கரையாது. மன்னித்த பிறகும் அந்தச் சொல் குறுக்கே நிற்கும். அன்றைக்கு அவர் கீறிய கோடு பாம்பு மாதிரிப் போனது.

சாமத்திய வீடு தாய்மாமன் இல்லாமலே நடந்து முடிந்தது.

அந்தச் சண்டைக்கு முன்னரே இரண்டு குடும்பமும் ஒரு அலுவல் செய்து வைத்திருந்தார்கள். ரொறன்ரோவுக்கு வெளியே, நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலம் ஓடினால் ஒரு தீம் பார்க் இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் கூடாரம் அடிக்கிற காம்ப். ஓகஸ்ட் நீண்ட வார இறுதிக்கு அங்கே பக்கத்துப் பக்கத்து இடமாக இரண்டு பிடித்துக் காசும் கட்டியிருந்தார்கள். கட்டிய காசு திரும்பி வராது. கோபம் வேறு, கட்டின காசு வேறு. மற்றவர் வரமாட்டார் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேருமே வந்து இறங்கினார்கள். பெரிய சட்டியும் காஸ் அடுப்பும் என்னுடையவை என்பதால் நானும் போயிருந்தேன்.

முதல் நாள் பகல் முழுக்க இரண்டு பக்கமும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். பின்னேரம் நாகமணி ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பைக் கொண்டுவந்து தமையனுக்கு முன்னால் நீட்டினா.

"அண்ணன், இதில உப்புப் பாருங்க."

அவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "கொஞ்சம் காணாது."

அவ்வளவுதான். சச்சி தன்னுடைய கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார். மாமாங்கண்ணை எழும்பிப் போய் ஐஸ் பெட்டியைத் திறந்து, இறைச்சிக்குக் கீழே பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த ஒரு பொதியை எடுத்தார். கூறைச்சேலை மாதிரி ஒரு பட்டுச் சேலை, ஒரு சங்கிலி. தாய்மாமன் போட வேண்டியது. நீச்சல் குளத்தில் இருந்து துவாயோடு ஓடிவந்த சாம்பவியைப் பிடித்து நிறுத்தி, ஈரத்தோள்மேல் அந்தச் சேலையைப் போட்டார். பக்கத்தில் ரோலர் கோஸ்ரரில் சனம் குழறிக்கொண்டு போனது. நாகமணி அழுதுவிட்டு, சேலை ஏன் கோழி மணக்குது என்று கேட்டா.

காம்பில் வாசல்படி கிடையாது. ஆருடைய வீடும் இல்லை. அதனால் சொன்ன சொல்லும் கெடாது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஓகஸ்ட்டும் அதே இரண்டு இடம், நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும். மற்றப்படி வெக்ஸ்போர்ட்டுக்கும் ஒஷாவாவுக்கும் நடுவில் போன் மட்டும்தான். தைப்பொங்கல், தீபாவளி, பிறந்தநாள் ஒன்றுக்கும் போக்குவரத்து இல்லை. தங்கச்சியின் முகத்தை நேரில் பார்க்க அவருக்கு வருடத்தில் அந்த மூன்று நாள்தான்.

அந்த மூன்று நாளுக்குத்தான் விலை ஏறத் தொடங்கியது.

முதல் போன காலத்தில் அது வெறும் புல்வெளி. ஒரு தண்ணீர்க் குழாய், நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம். காருக்கு எண்ணெய் அடிக்கிற காசைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் ஒரு இரவு படுக்கலாம். பிறகு வாசலில் றிசோர்ட் என்று பெரிய பலகை வந்தது. பலகைக்கு ஒரு விலை ஏறியது. அடுத்த வருடம் எல்லாருக்கும் கையில் பட்டி கட்டினார்கள், பட்டிக்கு ஏறியது. வீட்டிலிருந்து விறகு கொண்டுவரக்கூடாது, அங்கே நாலு கட்டையைப் பொலித்தீனில் கட்டித் தங்கம் மாதிரி விற்றார்கள். இரண்டாவது காருக்குத் தனிக் காசு. பிளேன் ரிக்கெற் மாதிரி ஆட்கள் கூடக்கூட விலையும் கூடும் என்றார்கள். இத்தனைக்கும் பிறகு குழாய் அதே குழாய்தான். ஒழுக்கும் நிற்கவில்லை.

மாமாங்கண்ணை ஒவ்வொரு முறையும் ஒரு நியாயம் கண்டுபிடிப்பார். "புதுசா விளக்குப் போட்டிருக்கானுகள்தானே." "கக்கூசு துப்புரவு." நான் ஏசினால், "உனக்கென்ன, நீ சட்டியோட வந்து சட்டியோட போறாய்" என்பார்.

இந்த வருடம் தை மாதம் பதிவு திறந்த காலையில் நானும் அவருடைய வீட்டில் இருந்தேன். உப்புப் போட்டுவிட்டுச் சாப்பிட வந்தது. யதுஷா கொம்பியூட்டரைத் திறந்தாள்.

"அப்பா, திஸ் இஸ் கிரேசி. நாலு நைற் கட்டாயமாம். பார்க்குக்குள்ள போற பாஸும் எல்லாருக்கும் சேர்த்து எடுக்கட்டாம். வேணுமோ வேணாமோ எடுக்கத்தான் வேணுமாம்."

"எவ்வளவு வருது?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். இந்த வீட்டின் ஒரு மாத வாடகையை விடக் கூட. புல்லில் படுக்க.

அவருடைய மனைவி குசினியிலிருந்து, "அந்தக் காசுக்கு ஊருக்கே போயிற்று வரலாம்" என்றா.

"ஊரில என்ட தங்கச்சி இல்லையே" என்றார் மாமாங்கண்ணை. யதுஷா புக் பண்ணாமலே கொம்பியூட்டரை மூடினாள்.

அந்தக் கிழமை முழுக்க முதலாளியிடம் இரவு உப்புப் போடுகிற வேலையும் தா என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். முழங்கால் வீங்கி லொறியில் ஏறவே ஒரு கை பிடிக்க வேண்டும். அந்த ஆள் இரவு வேலை கேட்கிறார்.

"நாகமணியிட்டச் சொல்லுங்கோவன், இந்த முறை ஏலாதெண்டு" என்றேன்.

"சொன்னா என்ன நினைக்கும்? வரப் பிரியமில்லை, காசைச் சாட்டுறான் எண்டு நினைக்கும். மறுகா சச்சி ஒண்டு சொல்லுவான், நான் ஒண்டு சொல்லுவன். காம்பும் இல்லையெண்டா எனக்கும் அவளுக்கும் நடுவில என்ன கா இருக்கு?"

போய் லொறியை ஸ்ரார்ட் பண்ணினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். செருப்பு வைக்கிற இடத்தில் நாகமணி. பனிச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றவ என்னைக் கண்டதும் கிட்ட வந்தா.

"றமேசண்ணை, அண்ணன் காம்ப் புக் பண்ணிட்டாரா?"

"இன்னும் இல்லை."

அவவுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோனதை நான் கண்டேன். என்னடா இது என்று யோசித்தேன். இவ வரப் பிரியமில்லாமல்தான் இவ்வளவு நாளும் வந்தாவோ?

"ஏன் பிள்ளை, உங்களுக்கு விருப்பமில்லையோ?"

அவ சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தா. "சச்சிக்குப் பக்ரறியில நேரம் வெட்டிப்போட்டாங்க. கிழமையில மூண்டு நாள்தான் வேலை. அண்ணன் புக் பண்ணினால் நாங்களும் பண்ணவேணும், இல்லையெண்டா வரப் பிரியமில்லை எண்டு நினைப்பார். தோட்டை அடகு வைப்பமோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன். அண்ணனுக்குச் சொல்லிப்போடாதீங்க."

எனக்குக் கோயில் என்றும் பார்க்காமல் சிரிப்பு வந்தது. ஆத்திரமும் வந்தது. "அங்க அந்த மனிசன் முழங்காலோட இரவு வேலை கேட்டுக்கொண்டு திரியிது. அவரிட்டயும் காசில்லை. உங்களிட்டயும் காசில்லை. இல்லாத காசை ஆளுக்காள் மறைச்சுக்கொண்டு என்ன கூத்து?"

"மெய்யாவா? அண்ணனிட்டயும் இல்லையா?" என்று கேட்டா. தமையனிடம் காசில்லை என்பதைக் கேட்டு அப்படிச் சந்தோசப்பட்ட ஒரு தங்கச்சியை நான் பார்த்ததில்லை. அதிலே வைத்தே போன் போட்டா. செருப்புகளுக்கு நடுவில் நின்று அண்ணனும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் போனில் மாமாங்கண்ணை பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. காற்றுப் போன ரயர் மாதிரி.

சரி, காம்ப் இல்லை. பிறகு எங்கே சந்திப்பது?

போனில் அதற்கு வழி சொன்னது சாம்பவி. இப்போது அவள் யுனிவேர்சிற்றிக்காரி. "மாமா, எங்கட பேக்யார்ட்ல ரென்ற் அடிப்பம். சைட் கேற்றால வாங்கோ. நீங்கள் வீட்டுக்குள்ள வரத்தேவையில்லை. புரொமிஸ் பிறேக் ஆகாது, ரைற்?"

மாமாங்கண்ணை இதை ஒரு வழக்கு மாதிரி விசாரித்தார். என்னை ஒஷாவாவுக்கு அனுப்பிப் போட்டோ எடுப்பித்தார். பக்கத்துக் கேற்றுக்குப் படி இருக்கிறதா? இல்லை, வெறும் சரளைக்கல். நிலை இருக்கிறதா? இல்லை, இரண்டு மரக்குற்றி. மேலே குறுக்குச்சட்டம்? அதுவும் இல்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்ப அது வாசல் இல்லை" என்றார்.

"இல்லை அண்ணை. அது வேலியில ஒரு ஓட்டை. காணுமோ?"

"காணும்."

ஓகஸ்ட் நீண்ட வார இறுதி வந்தது. எங்களுடைய லொறியில் கூடாரம், ஐஸ் பெட்டி, என்னுடைய சட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். சச்சி கேற்றைத் திறந்துவிட்டு ஒரு பக்கமாக நின்றார். மாமாங்கண்ணை நிலத்தைப் பார்த்தபடி உள்ளே நடந்தார். போனதும் முதல் வேலையாக லொறியிலிருந்து மஞ்சள் ஸ்பிரே எடுத்து வந்தார். சச்சியின் புல்லில் நூல் பிடித்து நேராக இரண்டு பெட்டி கீறினார். ஒன்றில் நாற்பத்தொன்று, மற்றதில் நாற்பத்திரண்டு என்று எழுதினார்.

"அத்தான், என்ர புல்லு!" என்று சச்சி தலையில் கை வைத்தார்.

"வெட்டினாப் போயிரும். கத்தாதீங்க. இதுக்கு வாடகை கேக்காதீங்க, அது போதும்."

"கேப்பன். விறகுக்கும் கேப்பன். கையைத் தாங்கோ, பட்டி கட்ட."

உண்மையாகவே நாகமணியின் சேலை ஓரத்துத் துணியைக் கிழித்து எல்லாருக்கும் பட்டி கட்டிவிட்டார்கள் பெட்டைகள் இரண்டும். அன்றைக்குச் சமைத்த ஆட்டிறைச்சிக்கு இணையாக நான் அந்த றிசோர்ட்டில் ஒரு நாளும் சாப்பிடவில்லை. கத்துகிற ரோலர் கோஸ்ரர் இல்லாததுதான் குறை என்றார் மாமாங்கண்ணை. அதற்குச் சாம்பவி வேலியில் ஏறி நின்று கத்திக் காட்டினாள். பக்கத்து வீட்டுக் கிளடிஸ் என்ற கிழவி எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கோப்பை இறைச்சியோடு திரும்பிப் போனா.

ஒன்றை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. காம்பில் கக்கூசு இருந்தது. சச்சியின் பின்வளவில் இல்லை. மற்றவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் போய்வந்தார்கள். மாமாங்கண்ணை மட்டும் லொறியை எடுத்துக்கொண்டு மூலையிலுள்ள கோப்பிக் கடைக்குப் போனார். சீனி வருத்தக்காரர். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. போகும்போதெல்லாம் கோப்பி வாங்கத்தான் போகிறேன் என்றார். கோப்பி குடிக்கக் குடிக்கப் போக்குவரத்தும் கூடியது. பெட்டைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சச்சி சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் லொறி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு வானம் கறுத்தது. காற்று ஒன்று வந்து நாற்பத்திரண்டாம் இலக்கத்தைத் தூக்கி வேலியில் எறிந்தது. பின்னால் மழை கொட்டியது. எல்லாரும் சட்டி பானையோடு கராஜுக்குள் ஓடினோம். கராஜ் பரவாயில்லை, அது கார் நிற்கிற இடம், சீமெந்துச் சரிவு, படி இல்லை. மாமாங்கண்ணை அதற்குள் வந்துவிட்டார். கராஜிலிருந்து குசினிக்குப் போகிற கதவடியில்தான் நின்றுவிட்டார். மற்றவர்கள் எல்லாரும் உள்ளே போய்த் துவாய் தேடினார்கள். இவர் மட்டும் கராஜில், நனைந்தபடி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. எனக்கு விளங்கிவிட்டது. இந்த மழையில் கோப்பிக் கடைக்கு லொறி ஓடாது.

"மாமா, ப்ளீஸ், உள்ள வாங்கோ" என்று சாம்பவி கெஞ்சினாள்.

"வேணாம் புள்ள. மழை விடும்."

"அண்ணன், நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், வாங்க" என்றா நாகமணி.

"சொன்னது சொன்னதுதான் தங்கச்சி."

நான் ஏச வாயெடுத்தேன். அதற்குள் சச்சி என்னை விலத்திக்கொண்டு வந்தார். கையில் ஸ்குறூ ட்றைவர். குசினிக் கதவடியில் முழந்தாளிட்டு இருந்தார். கதவுக்குக் கீழே அலுமினியத்தில் ஒரு தகட்டுப் படி இருக்குமே, அதன் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினார். ஒன்று துருப்பிடித்துப்போய் வரமாட்டேன் என்றது. நெற்றி வேர்க்க நெம்பினார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மாமாங்கண்ணையும் காலை மாற்றி வைப்பதை மறந்துபோய்ப் பார்த்தார்.

தகடு கழன்று வந்தது. அதைத் தூக்கிக் கராஜ் மூலையில் எறிந்தார். பெரிய சத்தம். பிறகு எழும்பி, கையைக் காற்சட்டையில் துடைத்தார்.

"வாசல்படி மிதிக்கமாட்டன் எண்டுதானே சொன்னனீங்கள். இப்ப படி இல்லை. வாங்கோ அத்தான்."

மாமாங்கண்ணை நிலத்தைப் பார்த்தார். தகடு இருந்த இடத்தில் வெறும் மரப்பலகையும் பழைய பசையும். சப்பாத்தைக் கழற்றினார். அந்த இடத்துக்கு மேலால் காலை எடுத்து வைத்து உள்ளே போனார். ஒருவரையும் பார்க்கவில்லை. "எங்கால கா பாத்றூம்?" என்று மட்டும் கேட்டார். நாகமணி கையைக் காட்டினா. அந்தக் கதவு மூடியது. பிறகு எல்லாரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் வெளியே இடி கேட்கவில்லை.

பாத்றூமிலிருந்து வந்து குசினிக் கதிரையில் இருந்தவருக்குத் தங்கச்சி தேத்தண்ணி வைத்துக் கொடுத்தா. அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இவ்வளவு வருடமும் போனில் மட்டுமே பார்த்த வீடு. "சுவருக்கு நல்ல நிறம் அடிச்சிருக்கிறீங்க" என்றார். சச்சி எதிரில் வந்து இருந்தார்.

"அத்தான், அடுத்த விசேசத்துக்கு வெத்திலைத் தட்டோட நேரில வருவன். உங்களுக்குத்தான் முதல்."

"வரத்தான் வேணும். எங்கட வாசலில ஒரு நிலை இருக்கு, படி இல்லை. அடுக்குமாடிதானே. கம்பளம்தான். நீங்க என்னத்தை மிதிக்கமாட்டன் எண்டு சொன்னீங்களோ தெரியாது."

"என்ன விசேசம்? ஹலோ, எனக்கு இப்ப ஒண்டும் வேண்டாம்!" என்றாள் சாம்பவி.

அன்று மழை விட்ட பிறகும் ஒருவரும் கூடாரத்தை நிமிர்த்தவில்லை. மாமாங்கண்ணை சோபாவில் படுத்து நித்திரை கொண்டார். அந்த முழங்காலோடு இத்தனை வருடம் நிலத்தில் படுத்த மனிசன்.

இப்போது இலையுதிர் காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பிடிக்க முடியாது, ஆள் ஒஷாவாவில். றிசோர்ட்டிலிருந்து யதுஷாவுக்கு ஈமெயில் வந்ததாம், அடுத்த வருடத்துக்கு இப்பவே கட்டினால் பழைய விலை என்று. அவள் வாசித்துக் காட்டினாள். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

சச்சி அந்தத் தகட்டை இன்னும் பூட்டவில்லை. குசினிக்குள் குளிர் வருகிறதென்று நாகமணி கதவடியில் ஒரு பழைய துவாயைச் சுருட்டி வைத்திருக்கிறா. ஹீற்றர் காசு கூடப்போகுது என்று போன கிழமை நான் சச்சிக்குச் சொன்னேன். காம்ப் வாடகையை விடக் குறைவுதானே என்றார்.